பெட்ரோலைத் திருடியது டிரைவரா? பொய் சொன்னது முள்!

பழைய கார்களில் நடக்கும் கூத்து

சென்னை–

"ராத்திரி அரை டாங்க் இருந்திச்சு. காலையிலே கால் டாங்குதான் காட்டுது. பாக்கி எங்கேப்பா போச்சு?"

பழைய அம்பாசடர் நிற்கும் வீட்டு வாசலில் எழும் கேள்வி இது. முதலாளி முறைப்பார். டிரைவர் தலையைச் சொறிவார். "நான் எடுக்கலை சார்" என்றால் யார் நம்புவது? பேச்சு முற்றினால் வேலைக்கே உலை!

ஆனால், இந்த வழக்கில் முதலில் விசாரிக்க வேண்டிய ஆசாமி வேறு. டாஷ்போர்டில் ஆடும் பெட்ரோல் மீட்டர் முள்தான் அது!

முள் எப்படி நகருகிறது?

டாங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அதோடு ஒரு கம்பிக் கை. பெட்ரோல் ஏற இறங்க, இந்தக் கை ஒரு மெல்லிய கம்பிச் சுருள் மேல் உரசி நகரும். அதற்கேற்ப மீட்டருக்குப் போகும் கரண்ட் கூடும், குறையும். முள் காட்டுவது அதைத்தான்.

காரைச் சரிவில் நிறுத்தினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒரு சொட்டுகூடக் குறையாமலே முள் இடம் மாறிவிடும்! ஆகவே சமதளத்தில் நிறுத்தி, சாவி போட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் முள்ளைப் பார்க்க வேண்டும்.

துருவின் கைவரிசை

அப்படியும் முள் பொய் சொன்னால்?

உடனே "மீட்டர் அவுட்" என்று முடிவு கட்டக்கூடாது. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஒரிஜினல் மீட்டர் தேடிப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டும். அலைந்து வாங்கி மாட்டிய பிறகும் அதே பொய் என்றால் காசு போனதுதான் மிச்சம்.

பழைய கார்களில் அடிக்கடி சிக்கும் குற்றவாளி, எர்த். டாங்க் யூனிட்டும் பாடியும் சேரும் இடத்தில் துரு ஏறினால் கரண்ட் சரியாகப் பாயாது. மீட்டரின் ரகத்துக்கு ஏற்ப முள் 'காலி'யிலோ 'புல்'லிலோ ஒட்டிக்கொள்ளும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல கார்களில் முள் ஒழுங்குக்கு வந்துவிடும்.

மீட்டரிடம் விசாரணை

மீட்டர் நல்லதா என்று அறிய வழி உண்டு. மீட்டருக்குப் பின்னால், டாங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டுச் சாவி போட வேண்டும். முள் ஒரு கோடிக்குப் போகும். அந்த முனையை ஒரு நொடி எர்த்தில் தொட்டால் மறு கோடியை நோக்கிப் போக வேண்டும். போனால் மீட்டர் நிரபராதி. கோளாறு ஒயரிலோ, டாங்கிலோ, எர்த்திலோதான். கரண்ட் வரும் ஒயரை மட்டும் மறந்தும் எர்த்தில் தொடக்கூடாது!

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஏடாகூடமாகக் காட்டினால், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உள்ள வண்டிகளில் சந்தேகம் அதன்மேல்தான்.

மிதவையில் ஓட்டை

டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் முள் 'காலி'யிலேயே கிடக்கிறதா? பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து, உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கலாம். கழற்றிக் காதருகே ஆட்டினால் 'சளக் சளக்' என்று சத்தம் கேட்கும்.

இன்னும் பழைய வண்டிகளில் அரக்கு பூசிய கார்க் மிதவை உண்டு. எத்தனாலில் அரக்கு கரையும். 2025-ல் நாட்டில் பெட்ரோலோடு 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. கார்க் மிதவைக்காரர்கள் உஷார்!

உயிரோடு விளையாட்டு

டாங்கைத் திறக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பீடி, சிகரெட் கிட்டவே வரக்கூடாது. இருட்டில் தீக்குச்சி கிழித்து டாங்குக்குள் எட்டிப் பார்ப்பது எமனுக்கு அழைப்பு விடுப்பது போலத்தான்.

கடைசி சாட்சி

முள் திருந்தும்வரை கணக்குதான் சாட்சி. டாங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்தால் மைலேஜ் தெரிந்துவிடும். வழக்கமான மைலேஜ் வந்தால் பெட்ரோல் எங்கேயும் போகவில்லை.

டிரைவர் மேல் சொன்ன பழியை முதலாளி அன்றே வாபஸ் வாங்கிவிடலாம்!