சம்பாரண்: காணியும் கடதாசியும்

இந்தியாவின் பீகார் மாநிலத்தில், வடமேற்கு மூலையில், நேபாள எல்லையை ஒட்டிக் கிடக்கும் பிரதேசம் சம்பாரண். காந்தியடிகள் தென்னாபிரிக்காவிலிருந்து திரும்பிய பின் முதன்முதலாகச் சத்தியாக்கிரகம் செய்த இடம் என்று பாடசாலைப் புத்தகத்தில் ஒரு வரி படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் காணி, குத்தகை, பதிவேடு, கந்தோர் என்று கமக்காரக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் எளிதில் விளங்கக்கூடிய வரலாறு ஒன்று இருக்கிறது. அதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

இமயமலை அடிவாரத்திலிருந்து இறங்கிவரும் கண்டகி ஆறு வண்டல் கொட்டிய மண் அது. நெல், கோதுமை, கரும்பு எல்லாம் விளையும். ஆறு போக்கை மாற்றும்போது வயலும் வீடும் சேர்ந்து போவதுமுண்டு. மக்களிற் பெரும்பாலானோர் பேசுவது போஜ்பூரி மொழி. இந்துக்களோடு முஸ்லிம்களும் கணிசமாக வாழ்கின்றனர். வடக்கே காட்டோரத்தில் தாரு என்னும் பழங்குடியினர் உள்ளனர். லௌரியாவில் அசோகச் சக்கரவர்த்தியின் தூண் இன்றும் நிற்கிறது. பெத்தியா நகரில் பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டே ஒரு கத்தோலிக்க சமூகம் இருந்து வருகிறது. கப்புச்சின் துறவியான யோசேப்பு மரிய பெர்னினி அடிகளார் அங்கு மறைப்பணியைத் தொடக்கினார். அவர் அரசியின் நோயைக் குணமாக்கியதால் அரசர் அவரை அங்கேயே இருக்கச் செய்தார் என்று அவ்வூரார் சொல்வர்.

1866ஆம் ஆண்டு சாரண் மாவட்டத்திலிருந்து பிரித்து, மோதிஹாரியைத் தலைநகராகக் கொண்டு சம்பாரணைத் தனி மாவட்டமாக்கினர். எங்கள் அரசாங்க அதிபரைப் போல அங்கு கலெக்டர் இருந்தார். ஆனால் கிராமத்தவனுக்கு கலெக்டர் தூரத்து மனிதர். அவன் கண்ட அரசாங்கம் வேறு. மாவட்டத்தின் பெரும்பகுதிக் காணி பெத்தியா ஜமீனுக்கு உரியதாயிருந்தது. ஜமீன் கடனில் மூழ்கியபோது, ஊர் ஊராக ஐரோப்பியத் துரைமாருக்குக் குத்தகைக்கு விட்டது. கடைசி மகாராஜா 1893இல் வாரிசின்றி இறந்தார். 1897இல் ஜமீன் நிர்வாகத்தை அரசாங்கமே கையேற்றது. ஆயினும் துரைமாரின் குத்தகைகள் தொடர்ந்தன. நிலவாடகை அறவிடுபவனும், விளைச்சலை வாங்குபவனும், முற்பணம் தந்து கடன்காரனாக்குபவனும் ஒரே துரை என்றால் குடியானவன் யாரிடம் போய் முறையிடுவான்?

துரைமாருக்கு வேண்டியது அவுரி. அதிலிருந்து நீலச்சாயம் எடுத்தார்கள். இதற்காக ஏற்பட்டதே ‘தீன்கட்டியா’ முறை. நாம் பரப்புக் கணக்கில் அளப்பதுபோல அங்கே கட்டா என்று அளப்பார்கள். 20 கட்டா சேர்ந்தால் ஒரு பீகா. ஒவ்வொரு பீகாவிலும் 3 கட்டாவில் அவுரி போடவேண்டும் என்பது ஏற்பாடு. எந்தத் துண்டு என்று தெரிந்தெடுப்பவர் துரையின் ஆள். நல்ல மண்ணே அதற்குப் போய்விடும். விலையும் துரை வைத்ததே. இது போதாதென்று சட்டத்தில் இல்லாத வரிகளும் இருந்தன. துரை யானை வாங்கினால் ஒரு வரி, குதிரை வாங்கினால் ஒரு வரி. தகப்பன் இறந்து மகன் காணியைப் பொறுப்பேற்றால் அதற்கும் ஒரு வரி!

1897இல் ஜேர்மனியில் இரசாயனச் சாயம் சந்தைக்கு வந்தது. அவுரியின் விலை விழுந்தது. அப்போது துரைமார் செய்த காரியத்தைத்தான் கூர்ந்து பார்க்கவேண்டும். நட்டத்தைக் குடியானவன் தலையில் ஏற்றினார்கள். “இனி நீ அவுரி போடவேண்டாம், அதற்குப் பதிலாக வாடகையைக் கூட்டித் தா” என்றார்கள். சிலரிடம் ஒரே தடவையில் பெருந்தொகை கேட்டார்கள். பணம் இல்லாதவன் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தான். 1885ஆம் ஆண்டின் குடிவாரச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் மூலம் ரூபாவுக்கு 2 அணாவுக்கு மேல் வாடகையைக் கூட்ட இயலாது. ஆனால் குறித்த ஒரு பயிரைச் செய்யும் கடமையிலிருந்து விடுவிக்கும்போது கூட்டலாம் என்று அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. துரைமார் அந்த வாசலால் நுழைந்தார்கள். கைநாட்டு வைத்த பல்லாயிரம் ஒப்பந்தங்கள் முறைப்படி பதியப்பட்டன. பதிந்த பின் அநியாயமும் பதிவேட்டில் நியாயம் போலவே தோன்றும்.

இந்நிலையில் ராஜ்குமார் சுக்லா என்னும் குடியானவர் 1916 டிசம்பரில் லக்னௌ காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்று காந்தியடிகளை அழைத்தார், விடாமல் பின்தொடர்ந்தார். 1917 ஏப்ரல் 15இல் காந்தியடிகள் மோதிஹாரி வந்து சேர்ந்தார். மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி கட்டளை வந்தது. மறுத்தார். 18ஆம் திகதி நீதிமன்றத்தில் நின்று, கட்டளையை மீறியதை ஒப்புக்கொண்டார். சில நாளில் வழக்கு கைவிடப்பட்டது. இதைப் பலரும் அறிவர். அதன் பின் நடந்த வேலை இதைவிடப் பெரிது என்பது எமது எண்ணம். ராஜேந்திர பிரசாத், பிரஜ்கிஷோர் பிரசாத் முதலிய வழக்கறிஞர்கள் வாரக்கணக்காக இருந்து, ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்களை எழுதினார்கள். சொன்னதையெல்லாம் அப்படியே எழுதவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டார்கள். ஆதாரம் நில்லாத முறைப்பாட்டைத் தள்ளிவிட்டார்கள். இரகசியப் பொலிசார் அருகே இருக்கவும் தடை சொல்லவில்லை. துரைமாரிடமிருந்த கடதாசிக்கு எதிராகக் குடியானவரும் ஒரு கடதாசியை உண்டாக்கினர் என்று சொல்லலாம்.

யூன் மாதத்தில் அரசாங்கம் விசாரணைக்குழு ஒன்றை அமைத்தது. காந்தியடிகளும் அதில் ஒருவர். அதன் பயனாக வந்த 1918ஆம் ஆண்டுச் சட்டம் தீன்கட்டியாவை ஒழித்தது. கூட்டிய வாடகை இடத்துக்கிடம் 20 முதல் 26 வீதம்வரை குறைக்கப்பட்டது. ஒரேயடியாக வாங்கிய தொகையில் 25 வீதம் திருப்பிக் கொடுக்க ஏற்பாடாயிற்று. கால்பங்குக்கு ஏன் இணங்கினார் என்று சிலர் குறைப்பட்டனர். துரை ஒரு சதமாவது திருப்பித் தந்தான் என்பதைக் கண்ட பின் குடியானவனின் பயம் போய்விட்டது என்று மறுபக்கத்தார் சொல்வர். இரண்டிலும் உண்மை உண்டு.

ஆனால் பதிவேட்டில் பெயர் உள்ளவனுக்கே அச்சட்டம் உதவியது. துரைமார் தம் கையில் வைத்துச் செய்த நிலங்களை அது தொடவில்லை. கூலிக்கு வேலை செய்த காணியற்றவர்களின் நிலையையும் மாற்றவில்லை. சுதந்திரத்தின் பின் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை போயிற்று. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. மிகுதி நிலம் ஏழைகளுக்கு என்று ‘பர்ச்சா’ எனப்படும் பத்திரங்களும் கொடுத்தார்கள். எனினும் பத்திரம் கையில் இருக்க, காணியில் வேறொருவன் உழுதுகொண்டிருந்த ஊர்கள் பல. கிழக்குப் பாக்கிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளக் குடும்பங்களும் பெத்தியாப் பகுதியில் குடியேற்றப்பட்டன.

1970களின் தொடக்கத்தில் மாவட்டம் கிழக்கு, மேற்கு என இரண்டாகியது. கிழக்குக்கு மோதிஹாரியும் மேற்குக்குப் பெத்தியாவும் தலைநகர். தாரு மக்கள் பழங்குடியினராகச் சட்டப்படி ஏற்கப்பட்டது 2003இல்தான். வாரிசின்றிப் போன பெத்தியா ஜமீனிடம் எஞ்சியிருந்த சுமார் 15,000 ஏக்கரை மாநிலத்துக்கு உரியதாக்கும் சட்டத்தை பீகார் சட்டசபை 2024 நவம்பரில் நிறைவேற்றியது. அந்நிலத்தின் பல பகுதிகளில் நெடுங்காலமாகக் குடியிருப்போரும் பயிர் செய்வோரும் உள்ளனர். எந்தக் கடதாசியைக் காட்டித் தம் உரிமையை நிலைநாட்டுவது என்ற கேள்வி இப்போது அவர்கள் முன் வந்து நிற்கிறது.