தாவும் மரபணுக்களும் பரவும் புற்றுநோயும்

புற்றுநோய் ஓர் உறுப்பில் மட்டும் இருக்கும் வரையில் அதை வெட்டியெடுக்க வழியுண்டு. அது கல்லீரல், நுரையீரல், எலும்பு என்று இடம்பெயர்ந்து குடியேறிய பிறகுதான் மருத்துவம் திணறுகிறது. புற்றுநோயால் இறப்போரில் பெரும்பாலோர் இந்தப் பரவலாலேயே இறக்கின்றனர். அந்தப் பரவலில், நம் உயிரணுக்களுக்குள்ளேயே இடம் மாறித் திரியும் மரபணுத் துண்டுகளுக்கும் பங்கு உண்டா?

மரபணுக்கள், நூலில் கோத்த மணிகளைப் போல், குரோமோசோமில் தத்தம் இடத்தில் அசையாமல் இருப்பவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அந்த நம்பிக்கையை அசைத்தவர் பார்பரா மெக்லின்டாக் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. நம் பசார் மாலாமில் அவித்து விற்கும் சோளம் ஒரே மஞ்சள். அவர் 1940களில் ஆராய்ந்த சோள மணிகளிலோ நிறம் புள்ளி புள்ளியாய்ச் சிதறிக் கிடந்தது. நிறம் தரும் மரபணுவுக்குள் வேறொரு துண்டு புகுந்தால் நிறம் மறைகிறது, அது விலகினால் நிறம் திரும்புகிறது என்று அவர் கண்டார். இதை 1950இலேயே கட்டுரையாக வெளியிட்டார். நோபல் பரிசோ 1983இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 81!

சோளத்தை விடுங்கள், நம் நிலை என்ன? 2001இல் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு வெளியானபோது, அதில் ஏறக்குறைய 45 விழுக்காடு இத்தகைய தாவும் துண்டுகளிலிருந்து வந்தது என்று தெரிந்தது. புரதம் உருவாக்கும் பகுதியோ 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இத்துண்டுகளில் முதன்மையானது 'லைன்-1'. ஏறத்தாழ 5 லட்சம் படிகள் நம்மிடம் உள்ளன. பெரும்பாலானவை சிதைந்துபோனவை, சுமார் நூறு மட்டுமே இன்னும் தாவும் ஆற்றலுடையவை.

தாவுதல் என்றாலும் லைன்-1 தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. விடுதித் தோழரின் குறிப்பை நகலெடுத்து, நம் கோப்பில் ஏதோ ஒரு பக்கத்தின் நடுவே செருகிவிடுவது போன்றது அது. முதலில் ஆர்.என்.ஏ. வடிவில் ஒரு நகல் உருவாகும். லைன்-1 தானே உருவாக்கும் நொதி ஒன்று டி.என்.ஏ.வை வெட்டி, அந்த நகலை மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றி அங்கே பதித்துவிடும். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நலமான உயிரணுக்கள் பெரும்பாலும் மெத்தில் என்னும் வேதிப்பூட்டைப் போட்டு லைன்-1ஐ அடக்கி வைக்கின்றன. பல புற்றணுக்களில் இந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. 1992இல், ஒரு நோயாளியின் பெருங்குடல் கட்டியில், புற்றைத் தடுக்கும் ஏ.பி.சி. மரபணுவுக்குள் லைன்-1 புகுந்திருந்தது கண்டறியப்பட்டது. அவருடைய நலமான திசுவில் அது இல்லை. 2020இல் வெளிவந்த ஆய்வொன்று 2,954 புற்றுக்கட்டிகளின் மரபணுத் தொகுதிகளை அலசியது. அவற்றில் 35 விழுக்காட்டில் இத்தகைய தாவல் நிகழ்ந்திருந்தது. உணவுக்குழாய், தலை-கழுத்து, பெருங்குடல் புற்றுகளில் அது மிகுதி. செருகல் பிசகினால் குரோமோசோமின் பெரும்பகுதியே துண்டிக்கப்படுவதும், அதோடு புற்றைத் தடுக்கும் மரபணு தொலைந்துபோவதும் உண்டு.

இனிப் பரவலுக்கு வருவோம். 2015இல் கணையப் புற்றை ஆராய்ந்தவர்கள் மூலக் கட்டியையும் அதிலிருந்து பரவிய கட்டிகளையும் ஒப்பிட்டனர். சில செருகல்கள் இரண்டிலும் இருந்தன. சில ஒன்றில் மட்டுமே இருந்தன. அதாவது, நோய் வளர்ந்து பரவும் காலத்திலும் தாவல் ஓயவில்லை. ஆனால், குற்றம் நடந்த இடத்தில் நின்றவரெல்லாம் குற்றவாளி ஆகிவிடுவாரா? பெரும்பாலான செருகல்கள் எந்த மரபணுவையும் கெடுக்காத வெற்றிடத்தில்தான் விழுகின்றன. ஆகவே, 'தாவும் மரபணுவே புற்றைப் பரப்புகிறது' என்று முழங்குவது மிகை என்பேன். அடுத்தடுத்த மாற்றங்களுக்கு வழிதிறந்துவிடும் துணைவன் என்பதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்தும். ஒரு நன்மையும் உண்டு. ஒருமுறை பதிந்த செருகல் எளிதில் நீங்குவதில்லை. எனவே, எந்த அணுக்கூட்டம் எங்கிருந்து கிளம்பியது என்பதைத் தேட அது அழியாத முத்திரையாக உதவுகிறது.

லைன்-1இன் நொதியும் எய்ட்ஸ் கிருமியின் நொதியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இதனால் எய்ட்ஸ் மருந்தான லாமிவுடினைப் பரவிய பெருங்குடல் புற்றுடைய 32 பேருக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2022இல் முடிவு வெளியானது: சுமார் கால்பங்கினருக்கு நோய் சில காலம் வளராமல் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லாத சிறிய சோதனை அது. ஆயினும், அதில் சேர்ந்தவர்கள் மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காதவர்கள்.