கராத்தே சங்கம் ஏன் உடைந்தது?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே சங்கத்தில் 1970களின் தொடக்கத்தில் கட்டணத் தகராறு மூண்டது. உயர்த்த வேண்டும் என்றார் பயிற்சியாளர். கூடாது என்றார் தலைவர். பயிற்சிக்கு வெளியேயும் பழகிய 34 பேரின் நட்புகளை மானிடவியலாளர் வெய்ன் சாக்கரி குறித்துவைத்திருந்தார்.

வாதம் முற்ற முற்ற, கூட்டம் நடக்கும் சேதிகூட அந்தந்த அணிக்குள்ளேயே சுற்றியது. கடைசியில் சங்கம் இரண்டானது. நட்பு வலை எந்த இடத்தில் மிக மெலிந்திருக்கிறது என்று சாக்கரி கணக்கிட்டார். யார் எந்தப் பக்கம் போனார் என்பது 33 பேர் விஷயத்தில் அப்படியே பொருந்தியது! பொருந்தாத ஒருவர் தலைவரின் ஆதரவாளர்தான். ஆனால் கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு 3 வாரமே இருந்தது. பயிற்சியாளரோடு போய்விட்டார். கணக்குக்குள் வராத இத்தகைய காரணங்களையும் மறந்துவிடக் கூடாது.

எப்படி நடக்கிறது இந்தப் பிளவு?

கருத்து வேறுபட்டால் இரண்டு வழி உண்டு: நண்பரின் கருத்துக்கு மாறலாம், அல்லது நண்பரையே மாற்றலாம். இந்த இரண்டை மட்டும் வைத்து இயற்பியலாளர்கள் பெட்டர் ஹோல்ம், மார்க் நியூமன் இருவரும் 2006இல் ஒரு கணித மாதிரி அமைத்தனர். கருத்தை மாற்றுவோர் மிகுந்தால் பெரும்பாலோர் ஒரே கருத்தில் சேர்கின்றனர். நண்பரை மாற்றுவது கூடக்கூட, ஒரு கட்டத்தில் வலை சட்டென்று சிறுசிறு குழுக்களாகச் சிதறுகிறது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மாற்றுக் கருத்துக்காரர் ஒருவரும் மிஞ்சுவதில்லை.