சொரியாசிஸ் எவ்வளவு கடுமை? நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளும் முறை

மண்சரிவு அபாயத்தால் வீட்டை விட்டு வெளியேறிய நாட்களில் மருந்து தவறியிருக்கலாம். கிளினிக் கொப்பியும் தொலைந்திருக்கலாம். கவலையும் குளிரும் சொரியாசிஸைக் கூட்டக்கூடியவை. ஆகவே பொல்பிட்டியவுக்குத் திரும்பியதும் நோய் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். எந்த மருந்து தேவை என்று வைத்தியர் தீர்மானிக்க இது உதவும்.

இது தொற்று நோய் அல்ல

உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்படுவதால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாக உதிர்கிறது. ஒரே பீலியில் குளிப்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, ஒன்றாகச் சாப்பிடுவதாலோ இது பரவாது. நோயுள்ளவரை லயத்தில் யாரும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

ஆனால் இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்குகளில் சிறு பருக்கள் வந்து, வீட்டில் பலருக்கும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். இரண்டும் குணமாக்கக்கூடியவை, வைத்தியரிடம் காட்டுங்கள்.

1. பரப்பளவு

நோயாளியின் விரல்கள் சேர்ந்த ஒரு உள்ளங்கை, அவரது உடற்பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். பிள்ளைக்குப் பிள்ளையின் கையாலேயே அளக்க வேண்டும். படைகளை மூட எத்தனை கை தேவை என்று எண்ணுங்கள். 3க்குக் குறைவு இலேசானது. 3 முதல் 10 வரை நடுத்தரம். 10க்கு மேல் கடுமையானது.

2. படையின் தன்மை

சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றையும் தனித்தனியே பாருங்கள். வைத்தியர்கள் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளியிட்டு, பரப்பளவையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 1978இல் உருவான இந்த அளவுகோலின் பெயர் 'பாசி'. அதன் உச்சம் 72. நமது நிறத்தில் சிவப்பு, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியலாம். தடிப்பும் செதிலும் இல்லாத தட்டையான கறுப்புத் தழும்பு பெரும்பாலும் ஆறிய இடம்தான். அதை எண்ண வேண்டாம்.

3. இடமும் வேலையும்

கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு இரண்டு உள்ளங்கைகளில் மட்டும் வெடிப்பு இருந்தால், கணக்கு 2 சதவீதம்தான். ஆனால் விரலை மடக்க முடியாமல் அரைப்பேரோடு திரும்புகிறார் என்றால் அது இலேசான நோய் அல்ல. உள்ளங்கால், முகம், தலை, நகம், மறைவிடம் ஆகியவையும் அப்படியே. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

1994 முதல் வைத்தியர்கள் பயன்படுத்தும் 10 கேள்விகள் இதற்காகவே உள்ளன. கடந்த ஒரு வாரத்தில் அரிப்பு, வெட்கம், உடை, வேலை, உறவு ஆகியன எவ்வளவு பாதிக்கப்பட்டன என்று கேட்பார்கள். 30க்கு 10ஐத் தாண்டினால் பாதிப்பு மிக அதிகம். பரப்பளவு குறைவாக இருந்தாலும் வலுவான சிகிச்சை தேவைப்படலாம்.

4. மூட்டுகள்

காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்திருக்கின்றனவா? மூட்டு வீங்கியிருக்கிறதா? குதிகால் வலிக்கிறதா? தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகச் சேதமடையலாம். தோலில் படை குறைவாக இருந்தாலும் இதைச் சொல்லத் தவற வேண்டாம்.

உடனே போக வேண்டிய நிலை

உடல் முழுவதும் சிவந்து உரிந்தால், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், சீழ்க் கொப்புளங்கள் பரவினால் காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். ஸ்டீரொயிட் குளிசையைத் திடீரென நிறுத்துவதும் இந்நிலையை உண்டாக்கலாம். பெயர் ஒட்டப்படாத களிம்புகளைக் கடையில் வாங்கிப் பூச வேண்டாம்.

வைத்தியரிடம் போகும்போது

எத்தனை கை, எந்த இடங்கள், எத்தனை நாள் வேலை தவறியது, மூட்டு வலி உண்டா, முன்பு எடுத்த மருந்து எது, எப்போது நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் பழைய உறையையோ டியூப்பையோ காட்டுங்கள். கொப்பி தொலைந்ததற்காகத் தயங்க வேண்டாம், புதியதைக் கேளுங்கள். நடுத்தரம் அல்லது கடுமை என்றால், தோல் நோய் கிளினிக் உள்ள அரச வைத்தியசாலைக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். மாதம் ஒருமுறை அதே முறையில் எண்ணி எழுதி வந்தால், மருந்து வேலை செய்கிறதா என்பது உங்களுக்கே தெரியும்.