நிலம் கழுவும் போத்தலில் என்ன இருக்கிறது?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரமாக நீளும் ஊர்களில் மொப் இல்லாத வீடு குறைவு. அதை நம்பும் வீடு அதைவிடக் குறைவு. நிலம் கழுவுவதென்றால் வாளியும் தும்புத்தடியும், துடைப்பதென்றால் பழைய சாரனைக் கிழித்த துண்டும்தான். மருதமுனைக் கைத்தறியில் நெய்த பருத்திச் சாரன் நைந்து போனதும் தண்ணீரை உறிஞ்சுவது போல வேறெதுவும் உறிஞ்சாது. குந்தியிருந்து கையால் துடைக்கிறவருக்குக் கதவு மூலையும் கட்டில் காலடியும் தப்பாது. ஆகவே மொப் இல்லாமல் நிலம் துடைப்பதைப் பழைய பழக்கம் என்று ஏளனம் செய்ய இக்கட்டுரை வரவில்லை. முழங்கால் தேய்ந்தவர்களும் மூட்டு வலியுள்ளவர்களும் நீண்ட தடியைப் பிடிப்பது நல்லது, அவ்வளவுதான். என் வாதம் வேறு. குந்தியிருக்கும் ஒருவரின் மூக்குக்கும் நிலத்துக்கும் இடையே இரண்டு மூன்று அடிதான் இருக்கிறது. கையோ தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. இந்த முறையில் வேலை செய்கிறவர்தான் வாளிக்குள் விடும் திரவம் எதுவென்று எவரையும்விடக் கவனமாகக் கேட்க வேண்டியவர். நமது வீடுகளில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வியும் அதுவே.

குளியலறை மூலையில் இரண்டு போத்தல்கள் அருகருகே நிற்கும். ஒன்று மலசலகூடம் கழுவும் திராவகம். அவற்றில் பெரும்பாலானவற்றின் வேலையைச் செய்வது ஐதரோகுளோரிக் அமிலம். கிணற்றுத் தண்ணீர் விட்டுச் செல்லும் வெள்ளைப் படிவையும் இரும்புக் கறையையும் அது கரைக்கும். மற்றது பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். இவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜேர்மன் படை எதிரணி மீது திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். குளியலறையில் உண்டாகும் அளவு சிறிது என்பது உண்மை. ஆனால் அந்த அறையும் சிறிது, கதவு பூட்டியிருக்கும், யன்னல் பெரும்பாலும் ஒரு கைக்குட்டை அளவு. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது. ஆகவே அது நிலத்தோடு தங்கும். நின்று மொப் பிடிப்பவரை விடக் குந்தியிருப்பவருக்கும், அவருக்குப் பின்னால் தவழ்ந்து வரும் பிள்ளைக்கும் அது முதலில் எட்டும்.

இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றும் அளவுக்கு யாரும் அறியாதவரல்லர் என்று சொல்வார்கள். விபத்து அப்படி நடப்பதில்லை. முதலில் அமிலம் ஊற்றித் தேய்க்கிறோம். அரைகுறையாகத் தண்ணீர் விடுகிறோம். ஓட்டின் இடுக்கிலும் தண்ணீர் போகும் துவாரத்திலும் அமிலம் தேங்கியிருக்கும்போதே வெண்மைக்காகப் பிளீச்சை விடுகிறோம். கலப்பது மனிதரல்ல, நிலம். வினாகிரியும் தேசிக்காய்ச் சாறும் அமிலம்தான்; அவற்றோடும் பிளீச் சேரக்கூடாது. அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடு சேர்ந்தால் குளோரமைன் என்னும் வேறொரு எரிச்சல் வாயு வரும். கண் எரிந்து, தொண்டை கமறி, இருமல் தொடங்கினால் வேலையை முடித்துவிட்டுப் போவோம் என்று நிற்கக்கூடாது. அப்படியே விட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மூச்சுத் திணறலிருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்கலாம், அல்லது அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகலாம். போகும்போது போத்தலையும் எடுத்துச் செல்ல வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணித்தியாலங்கள் கழித்தும் தொடங்கலாம் என்பதால், இப்போது சுகமாயிருக்கிறது என்பது போதுமான உத்தரவாதமல்ல. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே போகும்போது சுட்ட திரவம் வெளியே வரும்போதும் சுடும்.

காலம் காலமாகக் கழுவுகிறோம், யாருக்கு என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. மூத்தம்மா மெழுகிய மண்தரையிலும் கழுவிய சீமெந்துத் தரையிலும் இந்தப் போத்தல்கள் இருக்கவில்லை. இன்னொன்று, எல்லாத் தீங்கும் ஒரே நாளில் தெரிவதில்லை. நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,235 பேரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டைத் துப்புரவு செய்யும் பெண்களுக்கும், அதைத் தொழிலாகச் செய்யும் பெண்களுக்கும், செய்யாத பெண்களைவிட நுரையீரலின் ஆற்றல் வேகமாகக் குறைந்திருந்தது. ஒரு செக்கனில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு, வீட்டில் துப்புரவு செய்தவர்களுக்கு ஆண்டொன்றுக்கு 3.6 மில்லிலீற்றரும் தொழிலாகச் செய்தவர்களுக்கு 3.9 மில்லிலீற்றரும் மேலதிகமாகக் குறைந்தது. ஆண்களிடம் அப்படியொரு வேறுபாடு காணப்படவில்லை. துப்புரவு செய்த ஆண்கள் அந்த ஆய்வில் மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். அது ஐரோப்பிய வீடுகளின் கணக்கு, நமது பெண்களுக்கு அப்படியே பொருந்தாது என்று மறுக்கலாம், மறுப்பு நியாயமானதே. ஆனால் அதே வகை இரசாயனங்களை, நிலத்துக்கு இன்னும் நெருக்கமாகக் குந்தியிருந்து பாவிப்பவர்களுக்கு அந்த எண் ஆறுதல் தராது.

இதைவிடக் கனமான மறுப்பு மார்க்கத்திலிருந்து வருகிறது. நஜீஸ் (மார்க்கம் சொல்லும் அசுத்தம்) பட்ட இடத்தை ஈரத் துணியால் துடைத்தால் சுத்தமாகாது, மொப் அதை வீடெல்லாம் பரப்பும் என்பது இந்த ஊர்ப் பெண்களின் நியாயமான கவலை. ஷாபிஈ மத்ஹபின்படி அவ்விடத்தைச் சுத்தமாக்குவது தண்ணீர். அசுத்தத்தை அகற்றி, அதன் நிறமும் மணமும் போகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மதீனாப் பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த நாட்டுப்புறத்தவரை நபியவர்கள் அதட்டாமல், அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்ன சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே தேவைப்பட்டது ஒரு வாளித் தண்ணீர். பிளீச்சும் அமிலமும் தொழுகைக்குரிய சுத்தத்தில் ஒரு துளியும் கூட்டுவதில்லை. ஆக, மார்க்கத்தைக் காட்டி மொப்பை மறுக்கலாம். போத்தலை நியாயப்படுத்த முடியாது.

பிறகு மணம். மூக்கைத் துளைத்தால்தான் கழுவிய திருப்தி வருகிறது. நோன்புக்கு முன்னர் வீடு கழுவும் கிழமையில் தெருவே அந்த மணமாக இருக்கும். மணம் சுத்தத்தின் அடையாளமல்ல. அமிலம் ஊற்றியதும் ஓட்டு இடுக்கில் நுரைத்துச் சீறுகிறதே, அது அழுக்குப் போகும் சத்தமென்றும் நம்புகிறோம். கிணற்று நீர்ப் படிவோடு சேர்ந்து சீமெந்தும் கரைகிறது. இரண்டு மூன்று வருடத்தில் இடுக்கு உள்வாங்கி, அழுக்குத் தங்க இன்னும் வசதியாகிவிடும். இந்த மணற்பாங்கான கரையில் ஊற்றுவதெல்லாம் கீழே இறங்குகிறது, கிணறோ பக்கத்திலேயே இருக்கிறது. மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் கிருமிகளும் பிளீச்சில் சாகின்றன. அன்றாடத் தூசுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

போதாத நாட்களும் உண்டு. வடகீழ்ப் பருவமழையில் வீட்டுக்குள் வெள்ளம் ஏறி இறங்கிய பிறகும், வாந்திபேதி நோயாளி இருக்கும் வீட்டிலும் பிளீச் வேண்டும். முதலில் சேற்றைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடே செலவாகிவிடும். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் கையுறையும் சப்பாத்தும் கட்டாயம். பிறகு 5 சதவீதப் பிளீச் என்றால் 5 லீற்றர் வாளிக்கு 100 மில்லிலீற்றர் விட்டால், உலக சுகாதார நிறுவனம் மேற்பரப்புகளுக்குச் சொல்லும் 0.1 சதவீதம் கிடைக்கும். சுடுதண்ணீர் வேண்டாம். பத்து நிமிடம் ஊறவிட்டு, யன்னலைத் திறந்து வைத்துக் கழுவலாம்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு எண்ணின் மேல் நிற்கிறது: போத்தலில் எழுதியிருக்கும் சதவீதம். சோடாப் போத்தலில் நிரப்பி, பெயரும் திகதியும் இல்லாமல் விற்கப்படும் திரவத்தில் அந்த எண் இல்லை. வெயிலில் வைத்த பிளீச் மாதக் கணக்கில் வலுவிழக்கும் என்பதால் விற்றவருக்கே அது தெரியாது. அந்தப் போத்தல் பிள்ளையின் கண்ணுக்குச் சோடாவாகவே தெரியும் என்பது தனி ஆபத்து. மலிவு என்ற வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறிய நாடு இது. ஆனால் செறிவு தெரியாத திரவத்தைக் கூட்டி ஊற்றித் தீர்க்கும் குடும்பம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது? ஒரு கட்டிச் சவர்க்காரம் அதைவிட மலிவு.

இங்கேதான் உரிமை வருகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சுட்டுத்துண்டு பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அச்சபைக்குக் கொடுத்திருக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. எச்சரிக்கை தமிழில் இல்லாத போத்தலை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கக் கடைக்காரரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. கூலிக்கு வந்து கழுவும் பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பும் அரைகுறையே. வீட்டுப் பணியாளரைப் பதிவு செய்யச் சொல்லி 1871இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. வேலைக்காரரின் பெயரைக் குறித்துக்கொள்வதே அதன் அக்கறை, அவரது கையும் மூச்சும் அல்ல. வேறொரு சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தம் 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதைக் குற்றமாக்கியது. வயது வந்தவருக்குக் கையுறையும், திறந்த யன்னலும், இரண்டு போத்தலையும் ஒன்றாகப் பாவிக்கச் சொல்லாமையும் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியவை. இப்பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே எழுதப்படுவதால், இதைச் செய்யக்கூடியவரும் அவரே.

பெயரற்ற போத்தலால் தீங்கு நேர்ந்தால் போத்தலையும் மீதித் திரவத்தையும் வீசிவிடக் கூடாது. படம் எடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியையும் வைத்தியசாலைத் துண்டையும் சேர்த்து, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு 1977 இலக்கம் உண்டு, எனினும் அழைப்பு கடிதத்துக்கு ஈடாகாது. கடிதத்தின் பிரதியொன்றைப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்தால், அதே திரவம் அடுத்த தெருவில் எந்தக் கடையில் இருக்கிறதென்று அவருக்கும் தேட வழி கிடைக்கும்.