கதைக்குள் ஒரு கணக்கு – 9: அட்டியலும் வளவும்

உல்லையில் ஏப்ரல் பிறந்தால் அலைச்சறுக்குக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அதற்கு முந்திய அமைதியான நாளொன்றில், பக்கத்துப் பொத்துவிலில் சாச்சியின் திண்ணையில் இருந்துகொண்டு மாப்பசானின் வைர அட்டியல் கதையை அவவுக்குச் சொன்னேன்.

1884இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் வந்த கதை. கல்வி அமைச்சில் சிறு உத்தியோகம் பார்ப்பவரின் மனைவி மத்தில்ட். விருந்துக்குப் போகத் தோழியிடம் அட்டியல் இரவல் வாங்குகிறாள்; தொலைத்துவிடுகிறாள். அதே சாயலில் இன்னொன்றை 36,000 பிராங்குக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, கணவனும் அவளுமாக 10 வருஷம் கடன் அடைக்கிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, தொலைந்தது போலி. மிஞ்சிப்போனால் 500 பிராங்கு பெறும்.

பாடசாலையில் எங்களுக்கு இது ‘பேராசை பெருநட்டம்’ என்றுதான் படிப்பிக்கப்பட்டது. நகைக்கு ஆசைப்பட்ட பெண், அதற்கான தண்டனை. இன்று என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. கதையின் நடுவே ஒரு பக்கம் இருக்கிறது. வேலைக்காரியை நிறுத்திவிட்டுக் கூரைக்கடியில் ஓர் அறைக்குக் குடிபோகிறார்கள். மத்தில்ட் சட்டி தேய்க்கிறாள். ஊத்தைத் துணி கழுவுகிறாள். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறுகிறாள். கடைக்காரரிடம் சல்லி சல்லியாகப் பேரம் பேசி ஏச்சு வாங்குகிறாள். கணவன் இரவில் பக்கத்துக்கு 5 சூ கூலிக்குப் படியெடுக்கிறான். அவளுடைய ஆசையை விரித்து விரித்து எழுதிய மாப்பசான், 10 வருஷ உழைப்பை அந்த ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுகிறார். ஆசையை எண்ணிய வாசகர்களும் உழைப்பை எண்ணவில்லை.

எங்கள் கரையில் நிற்பவர்களுக்கு அந்தப் பக்கம்தான் முழுக் கதையும்.

கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரை, முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும், குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது. வீடும் வளவும் மகளுக்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பக்கத்தில் சின்னதாக ஒன்று கட்டி ஒதுங்குவார்கள். அடுத்தவள் வளர்ந்தால் அதையும் கொடுப்பார்கள். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த வழக்கத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். சண்டை வந்தால் வெளியேற வேண்டியவர் கணவர்தான். உலகில் எத்தனை பெண்களுக்கு இந்தக் காலடி மண் வாய்த்திருக்கிறது? இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

ஆனால் அந்த மண்ணுக்கு விலை இருக்கிறது. வீட்டோடு நிற்பதில்லை, அதற்கு மேல் மாப்பிள்ளைக்குக் கைக்கூலி, நகை. மார்க்கம் ஆணைக் கொடுக்கச் சொன்ன மஹர், பல கலியாணங்களில் பதிவுப் புத்தகத்தில் ஒரு சிறு தொகையாக ஒடுங்கிக் கிடக்கிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலடியில் ‘குமர் காரியம்’ என்று மகளின் கலியாணத்துக்காகக் கை நீட்டும் வாப்பாமாரைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த முகங்களை மறக்க முடியாது.

எங்கள் பக்கத்துக் கதையொன்றிலும் பெண்ணின் கணக்கு விடுபட்டிருக்கிறது. மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யில் சொந்தத் தோணிக்கு ஏங்கும் ஒருவன், விரும்பிய பெண்ணையும் தோணி உள்ளவனிடம் இழக்கிறான். அருமையான கதை. அந்தப் பெண்ணுக்கு எது வேண்டும் என்று மட்டும் அதில் யாரும் கேட்பதில்லை.

சாச்சிக்கு இரண்டு குமர். 11 வருஷம் குவைத்தில் பிறத்தியார் வீட்டுச் சட்டி தேய்த்தா. மத்தில்ட் தொலைத்த பிறகு உழைத்தாள்; சாச்சி எதையும் தொலைக்காமலேயே உழைத்தா. பொருளுக்கு ஏங்கியது யார்? சாச்சிக்குத் தனக்கென்று ஒரு காப்புக்கூட இருந்ததில்லை. ஆசை மாப்பிள்ளை வீட்டாருடையது, ஊருடையது. கூலி மட்டும் அவவுடையது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கரையோரத்துச் சீதன வீடுகள் அத்திவாரத்தோடு போயின. பிறகு புது வீடுகள் வந்தபோது, ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் பல இடங்களில் கணவரின் பெயர் ஏறியது. உறுதியும் அவர் பெயரிலேயே வந்தது. உம்மாமார் உழைத்து மகள்மாருக்கு எழுதிய வளவு ஒரு படிவத்தில் கைமாறியது. நிவாரணம் கொடுக்க வந்தவர்களுக்குத் தாய்வழி என்றால் என்னவென்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படிவங்களை நிரப்பியவர்களில் இந்தக் கரையின் ஆண்களும் இருந்தார்கள், நாமும் சொல்லவில்லை.

அட்டியல் போலி என்ற இடத்தில் கதையை நிறுத்தினேன். எல்லோரும் அங்கே திடுக்கிடுவார்கள். சாச்சி திடுக்கிடவில்லை. வெற்றிலைத் தட்டத்தை நகர்த்திவிட்டுக் கேட்டா:

“அப்ப கூட்டாளிக்காரிக்கிட்ட இப்ப இருக்கிறது மெய்யான வைரம்தானே, மனே? அதை வித்து, ஐந்நூறைக் கழிச்சிப்போட்டு மிச்சக் காசை அவவுக்குக் குடுத்தாங்களா?”

கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்றேன்.

“அது அவவுட காசு” என்றா சாச்சி.