நடுக்கும் நடிப்பும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணிய மெய்ப்பாடுகளுள் நடுக்கும் ஒன்று. உள்ளத்து நிகழ்வது உடம்பிற் புலப்படும் என்பதே அவ்வியலின் கருத்து. அதனைப் பல்லாண்டு கற்பித்த நானே, மூதூரில் என் மாணவி ஒருத்தியின் எழுதுங்கை பரீட்சைக்கு முன் நடுங்கத் தொடங்கியபோது, 'நடிக்கிறாள்' என்று சொல்லிவிட்டேன். ஊரார் சிலர் 'பேய்க்கோளாறு' என்றனர். இரண்டும் பிழை.

அவளைக் கொழும்புக்கு அழைத்துச் சென்ற தந்தையாருடன் நானும் போனேன். நரம்பியல் வைத்தியர் தசையின் மின்குறிகளைப் பதியும் சிறு தகடுகளை அவள் முன்கையில் ஒட்டி, இடக்கை விரலால் ஒரு தாளத்துக்கு ஏற்பத் தட்டுமாறு பணித்தார். சிறிது நேரத்தில் வலக்கையின் நடுக்கம் தன் கதியை விட்டு அத்தாளத்தைப் பற்றிக்கொண்டது. பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பொதுவாக இவ்வாறு இணங்குவதில்லை.

"அப்படியாயின் நடிப்புத்தானே?" என்றேன்.

"இல்லை ஐயா. இது தொழிற்பாட்டு அசைவுக் கோளாறு. நரம்பு பழுதுபடவில்லை, மூளை உடம்பை இயக்கும் முறை பிறழ்ந்திருக்கிறது. பிள்ளை வேண்டிச் செய்யவில்லை" என்றார் அவர்.

இதனை விளக்க இன்னொரு சோதனையும் உண்டு. நாமாக விரலை அசைக்க ஒரு செக்கனுக்கு மேல் முன்னரே மூளையில் மெல்லிய மின்னலை எழுவதை ஜேர்மனியில் கோர்ன்ஹூபரும் டேக்கேயும் 1964இற் கண்டனர். கைகால் திடீரெனத் துடிக்கும் தொழிற்பாட்டுக் கோளாறிலும், பல துடிப்புக்களின் பதிவுகளைச் சேர்த்துச் சராசரி காணின், அவ்வாயத்த அலை பலரிடம் தோன்றுகிறது. ஆயினும் 'நானே செய்கிறேன்' என்னும் உணர்வு அவர்களுக்கு இல்லை. இலக்கணத்தார் தோன்றா எழுவாய் என்பரே, அதுபோல வினை நிகழ்கிறது, வினைமுதல் தோன்றுவதில்லை.

ஆதலின் இக்கருவி பொய்யைப் பிடிப்பதன்று. அலை தோன்றாமை கொண்டு நோயில்லை என்று துணிதலும் தகாது. பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கி இறுதியில் இப்பெயரை இட்ட காலம் போய், நேரான சான்று கொண்டே நோயைத் துணிய இது உதவுகிறது. நோய் தெளிந்தால் இயன்மருத்துவப் பயிற்சியும் உளவளத்துணையும் உரிய காலத்திற் கிட்டும்.

2004இற் கடற்கோளையும் 2006இற் போரையும் கண்ட மூதூருக்கு நடுங்கும் கைகள் புதியன அல்ல. ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் ஒரு கை நடுங்கின், 'நடிப்பு' என்னும் சொல்லை அடக்கிக்கொண்டு வைத்தியரிடம் அனுப்புங்கள். நான் அவளிடம் பிழை பொறுக்கக் கேட்டது மிகப் பிந்தியே.